மூன்று கூட்டங்களுக்கு வராதவர்கள்

1

மாடத்தி ஓடிக்கொண்டிருந்தாள்.

பதினோரு மணி வெயில். தூக்கிச் செருகிய சேலை. இரண்டு கையிலும் முழங்கை வரை வெள்ளி பூசியதுபோல வெடிமருந்து. வலது கையில் சுருட்டிப் பிடித்த ஒரு பன்னிரண்டு பக்கப் புத்தகம். கம்பெனி கேட்டில் வாட்ச்மேன், "ஏய், லோடு நிக்குது, எங்க போற?" என்று கத்தினான். அவள் திரும்பவில்லை. ரோட்டோரத்து ஓட்டுக் கட்டடத்துக்கு இன்னும் இரண்டு மைல். அவள் போய்ச் சேருவதற்குள் அங்கே மூன்று பேர் கையைத் தூக்கிவிடுவார்கள். மூன்றே மூன்று கை. அதோடு...

(நிறுத்துகிறேன்.

"அதோடு" என்று எழுதி மூன்று புள்ளி வைத்தால் என் கை தானாகவே "தொடரும்" என்று போட்டுவிடும். பதினோரு தொடர்கதைகள் எழுதிய கை. அது அப்படித்தான். இந்த ஒரு கதையை மட்டும் ஒரே மூச்சில் சொல்லி முடிக்க வேண்டியிருக்கிறது. அடுத்த வாரம் என்று ஒன்று இருந்தால் நான் நழுவிவிடுவேன்.)

2

கதை எனக்கு எப்படி வந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன மாதம், 1969 ஆனியில், விருதுநகர் ஜங்ஷன் ரயில் தபால் ஆபீஸில் என் அத்தியாயத்தைச் சேர்த்துவிட்டுத் திரும்பினேன். தோளில் ஒரு கை விழுந்தது. தீயில் சுருங்கிய கை. விரல்கள் இரண்டு ஒட்டியிருந்தன.

"நேசகுமாரு தம்பிதான? தொந்தி வச்சதுல அடையாளமே தெரியல."

மாடத்தி. எட்டு வருஷம் கழித்துப் பார்க்கிறேன்.

"அக்கா, நல்லா இருக்கீகளா?"

"இருக்கேன். உன் கதையெல்லாம் கேக்கேன். பேரன் படிச்சுக் காட்டுவான். வாரா வாரம் கொலகாரன் யாருன்னு கண்டுபிடிச்சு எழுதுதியே, எங்க சங்கத்தக் கொன்னவன எப்பக் கண்டுபிடிக்கப் போற?"

"அதுதான் ஊருக்கே தெரியுமே அக்கா. சங்கரபாண்டியன்."

"அவன் வெட்டுனவன். அருவாள எடுத்துக் குடுத்தவன் யாரு?" மடியிலிருந்து அந்தப் பன்னிரண்டு பக்கப் புத்தகத்தை எடுத்தாள். அட்டை போய்விட்டது. "இதுக்குள்ள அப்படி ஒரு விதி இருக்குன்னு அந்தாளுக்கு யாரோ சொல்லியிருக்காக. அவன் தந்தி வந்தாக்கூடக் கணக்கப்பிள்ளகிட்டக் குடுத்துத்தான் வாசிக்கச் சொல்லுவான். கணக்கப்பிள்ள சாகுறதுக்கு முன்னாடி எங்கிட்டச் சத்தியம் பண்ணிட்டான், நான் இல்லன்னு. அப்ப யாரு? அதக் கண்டுபிடிச்சு எழுது. பேரன் படிச்சுக் காட்டுவான்."

"எழுதுறேன் அக்கா" என்றேன்.

இதுதான் கதையின் பிறப்பு. பத்திரிகை ஆசிரியர் கேட்டு எழுதியிருக்கிறேன், மளிகைக் கடைக்காரர் கேட்டு எழுதியிருக்கிறேன். கதையின் பாத்திரமே வந்து கேட்டு எழுதுவது இதுதான் முதல் தடவை.

3

ஒரு கொலை செய்ய ஒரு ஆள் போதும். தர்மம் செய்ய ஏழு பேர் வேண்டும்.

இது நான் வைத்த வசனம் இல்லை. 1860-ம் வருஷத்துச் சங்கப் பதிவுச் சட்டம் சொல்வது. வெள்ளைக்காரன் போட்ட சட்டம். அவன் கப்பலேறிப் போனபிறகும் அது மேஜையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஏழு பேருக்குக் குறையாமல் ஒன்றுகூடி, சங்கத்தின் பெயர், நோக்கம், நிர்வாகிகளின் பெயர், விலாசம், தொழில் எல்லாம் எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு, கூடவே விதிகளின் பிரதி ஒன்றை வைத்து ரிஜிஸ்திராரிடம் கொடுத்தால் சங்கம் பிறந்துவிடும். பிறந்த சங்கம் மனிதனைப் போலச் சொத்து வைத்துக்கொள்ளலாம். மனிதனைப் போலச் சாகவும் செய்யலாம். அதற்கும் அந்தச் சட்டத்தில் வழி இருக்கிறது. அங்கத்தினர்களில் ஐந்தில் மூன்று பங்கு பேர் "போதும்" என்று சொன்னால் போதும்.

இந்த ஐந்தில் மூன்றை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.*

(* துப்பறியும் கதையில் துப்பாக்கியை மேஜைமேல் வைப்போம். இந்தக் கதையில் துப்பாக்கி இதுதான். என்னிடம் வேறு ஆயுதம் இல்லை.)

மாடத்திக்குச் சங்கம் எதற்கு? சிவகாசி ரோட்டில், நான் பெயர் சொல்லாத ஒரு ஊரில், மிஷனைச் சேர்ந்த டாக்டரம்மா ஒருத்தி இரண்டு அறை கொண்ட ஓட்டுக் கட்டடம் கட்டியிருந்தாள். தீக்காயத்துக்குக் கட்டுப் போடுகிற இடம். பட்டாசுக் கம்பெனியிலோ தீப்பெட்டிக் கம்பெனியிலோ யார் வெந்தாலும் அங்கேதான் முதலில் தூக்கி வருவார்கள். அதை விட்டால் மதுரை. மாடத்தியின் கைக்கு மூன்று மாதம் கட்டுப் போட்டது அங்கேதான். நர்ஸ் பாக்கியவதி. சிரிக்கவே மாட்டாள், ஆனால் வலிக்காமல் பஞ்சை எடுப்பாள்.

1960 கடைசியில் டாக்டரம்மா தன் நாட்டுக்குத் திரும்புகிற நேரம் வந்தது. "கட்டடத்தை உங்களுக்கே எழுதி வைக்கிறேன். தனி ஆள் பேருக்கு இல்லை, பதிந்த சங்கத்தின் பேருக்கு" என்றாள். தனி ஆளுக்குக் கொடுத்தால் அவன் பிள்ளைகள் விற்றுவிடுவார்கள், சங்கத்துக்குக் கொடுத்தால் நிலைக்கும் என்பது அவளுடைய எண்ணம்.

பாவம், நல்ல பெண்மணி.

ஏழு பேரைச் சேர்க்க மாடத்தியும் பாக்கியவதியும் அலைந்தார்கள். பெரிய மனிதர் ஒருவர் தலைவராக இருந்தால்தான் ஆபீஸில் பைல் நகரும் என்று ஊரில் சொன்னார்கள். பட்டாசுக் கம்பெனி ஏஜண்டு சங்கரபாண்டியன் உடனே ஒப்புக்கொண்டார். அவரோடு அவர் மைத்துனர், அவர் கணக்கப்பிள்ளை. ஆக மூன்று. பாக்கியவதி நாலு. வேதமாணிக்கம் வாத்தியார், செயலாளர், ஐந்து. மாடத்தி ஆறு. ஏழாவது ஆள் ராக்காயி. மாடத்தியோடு ராக்கெட் குழாயில் மருந்து அடைக்கிறவள்.

நான் அப்போது சிவகாசியில் ஒரு அச்சகத்தில் புரூப் பார்த்துக்கொண்டிருந்தேன். பகலில் காலண்டர், லேபிள், கல்யாணப் பத்திரிகை. மற்ற நேரத்தில் மதராஸ் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்புவேன், அவர்கள் திருப்பி அனுப்புவார்கள். விதிப் புத்தகம் அச்சடிக்க அவர்கள் அங்கேதான் வந்தார்கள். கையெழுத்தும் என் மேஜையிலேயே நடந்தது.

ராக்காயி கட்டைவிரலை மையில் ஒற்றிக் காகிதத்தில் வைத்தாள். ரேகை இல்லை. கறுப்பாக ஒரு வட்டம்.

"சரியா அமுத்துளா" என்றாள் மாடத்தி.

"அமுத்தித்தான வச்சேன்? பத்து வெரலும் மருந்துல தேஞ்சு மொட்டையாக் கெடக்கு மதினி. நான் திருடப் போனாக்கூடப் போலீசு கண்டுபிடிக்க முடியாது. தொழில மாத்திருவமா?"

அச்சகமே சிரித்தது. வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. "ரிஜிஸ்திரார் ஆபீஸ்ல இத மசிக் கறைன்னு திருப்பி அனுப்பிருவாங்கம்மா. இன்னொரு தடவ அலையணும்."

மாடத்தி என்னைப் பார்த்தாள். "தம்பி, நீ போடேன். உனக்கு என்ன, ஒரு கையெழுத்துத்தான?"

"போடுங்க தம்பி" என்றாள் ராக்காயி. "என் எடத்துல போடுதீக. நாளைக்கு எனக்கு ஒண்ணுன்னா நீங்கதான் பாத்துக்கிடணும்."

போட்டேன். ஏழாவது ஆள் நான்.

4

இப்போது ஒரு சின்னக் குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். (பெரியது பின்னால் வருகிறது.)

அச்சகத்தில் ஒரு வழக்கம் உண்டு. பயன்படும் என்று தோன்றுகிற கம்போஸை, அதாவது கோர்த்த ஈய எழுத்துகளை, வேலை முடிந்ததும் கலைக்க மாட்டார்கள். பக்கம் பக்கமாக நூல் கட்டி, காகிதம் சுற்றி, பலகையில் வைத்துவிடுவார்கள். சங்க விதி கேட்டு யார் வந்தாலும் பழைய கட்டை எடுத்து, பெயரையும் நோக்கத்தையும் மாற்றி, அப்படியே ஓட்டிவிடுவார்கள். விதி விதிதானே! எங்கள் பலகையில் இருந்தது வியாபாரிகள் சங்கம் ஒன்றின் விதிகள். எள்ளும் கடலையும் வாங்கி விற்கிறவர்கள். அவர்கள் சங்கத்தில் ஆள் வருவதே இல்லை என்பதால் ஒன்பதாவதாக ஒரு விதி வைத்திருந்தார்கள்:

"தொடர்ந்து மூன்று மாதாந்திரக் கூட்டங்களுக்கு வராத அங்கத்தினர், வேறு நடவடிக்கை எதுவுமின்றியே, அங்கத்தினர் தகுதியை இழந்தவராவார்."

வியாபாரிக்குப் பொருத்தமான விதி. அவன் வராவிட்டால் அது சோம்பல். பட்டாசுக் கம்பெனிக்காரி வராவிட்டால்? ஆடி பிறந்தால் சீசன். தீபாவளி வரைக்கும் ஞாயிறு கிடையாது, பண்டிகை கிடையாது, காய்ச்சல்கூடக் கிடையாது. சங்கக் கூட்டமோ மாதத்தின் முதல் ஞாயிறு. ஆடி, ஆவணி, புரட்டாசி. விரல் விட்டு எண்ணுங்கள். சரியாக மூன்று.

புரூப் என் மேஜைக்கு வந்தபோது ஒன்பதாவது விதியில் என் பென்சில் நின்றது. அடிக்கலாம் என்று

(வாக்கியம் இங்கே நின்றதற்குக் காரணம், அன்று என் பென்சிலும் இங்கேதான் நின்றது.)

அடிக்கவில்லை. ஒன்பதை எடுத்தால் பத்திலிருந்து இருபத்துநாலு வரை எண்ணை மாற்ற வேண்டும். மார்கழி மாதம், காலண்டர் நெருக்கடி. கம்பாசிட்டர் பெத்தணன் காதில் வெற்றிலையைச் செருகிக்கொண்டு என் முதுகுக்குப் பின்னால் நின்றான். "சார், ஆர்டர் குடுக்கீகளா இல்லையா? முருகன் படத்துக்கு மிஷினு காத்துக்கிட்டு இருக்கு." ஓரத்தில் "அச்சிடலாம்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்தப் புத்தகத்தில் என் கையெழுத்து இரண்டு இடத்தில் இருக்கிறது என்று வையுங்கள். ஒன்று வெளியே தெரியும்.

தை மாதம் சங்கம் பதிவாயிற்று. கட்டடம் சங்கத்தின் பேருக்கு எழுதப்பட்டது. கம்பெனிப் பெண்கள் நாற்பது பேர் அங்கத்தினர் புத்தகத்தில் சேர்ந்தார்கள். ராக்காயி முதல் ஆளாக அந்தக் கறுப்பு வட்டத்தை வைத்துவிட்டு, "எங்க மசிக் கறையப் பாத்தாலும் அது நான்தான்னு சொல்லிக்கலாம்" என்றாள்.

5

சங்கரபாண்டியனை எழுதுவதுதான் கஷ்டமாக இருக்கிறது.

முதல் எழுத்துப்படியில் அவருக்குத் தங்கப் பல் வைத்தேன். இரண்டாவதில் சுருட்டு. மூன்றாவதில், "அவருடைய சிரிப்பில் ஒரு நாகம்" என்று ஆரம்பித்து, எனக்கே கூச்சமாகி அடித்துவிட்டேன். உண்மையில் அவருக்கு வெள்ளைப் பல். புகை பிடிக்க மாட்டார், தொழில் அப்படி. ஒருமுறை வெந்துபோன ஒரு பெண்ணைத் தன் காரில் பின்சீட்டில் கிடத்தி, மதுரை வரை தானே ஓட்டிப் போனவர். சீட்டுத் துணி பாழாயிற்று என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவருக்குக் கதை பிடிக்கும். படிக்கப் பிடிக்காது. கேட்கப் பிடிக்கும். வாரப் பத்திரிகை வந்ததும் கணக்கப்பிள்ளை உட்கார்ந்து வாசிக்க வேண்டும். நல்ல இடம் வந்தால், "அதத் திருப்பி வாசி" என்பார்.

அவருக்கு அந்தக் கட்டடம் ஏன் வேண்டும்? ரோட்டோரம். லாரி நேராக வாசலில் வந்து நிற்கும். பண்டல் ஏற்றி இறக்க அந்தப் பக்கத்திலேயே அதைவிட வசதியான இடம் கிடையாது. அவ்வளவுதான். இதைவிட ஆழமான காரணம் தேடிப் பார்த்தேன். கிடைக்கவில்லை. வில்லன்கள் நம் அளவுக்கு யோசிப்பதில்லை. அவர்களுக்கு ஒரு கிட்டங்கி வேண்டியிருக்கிறது.

6

1961 ஆடியிலிருந்து ஒரு அதிசயம் நடந்தது. தலைவர் தவறாமல் கூட்டத்துக்கு வர ஆரம்பித்தார்.

அதற்குமுன் ஒரு மாதம் தலைகாட்டினால் இரண்டு மாதம் வராதவர், கட்டடத்துக்கு ஓடு மாற்றிய அன்றைக்குக்கூட எட்டிப் பார்க்காதவர். இப்போது மாதத்தின் முதல் ஞாயிறு பத்து மணிக்கு மைத்துனரோடும் கணக்கப்பிள்ளையோடும் வந்து உட்கார்ந்து, கூட்டப் புத்தகத்தில் முதல் கையெழுத்துப் போட்டார். சேவும் காப்பியும் அவர் செலவு. ஆவணியில் பாக்கியவதி நர்ஸை பஸ்ஸில் பார்த்தேன்.

"என்ன தம்பி, மெம்பர்னு பேரு, ஆளையே காணோம்?"

"வேலை சிஸ்டர்."

"தலைவரப் பாருங்க. அவருக்கு இல்லாத வேலையா? ஒரு கூட்டம் தவறுறதில்ல. நான்கூட அவரத் தப்பா நினைச்சிருந்தேன். கர்த்தர் யாரை எப்ப மாத்துவார்னு சொல்ல முடியாது."

என் வேலை என்ன என்று அவளிடம் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன். என் முதல் தொடர்கதையை ஒரு பத்திரிகை எடுத்துக்கொண்டிருந்தது. வாரம் ஒரு அத்தியாயம். ஞாயிறு பொழுது சாய்வதற்குள் விருதுநகர் ஜங்ஷனில் ரயில் தபாலில் சேர்த்தால்தான் நேரத்துக்கு மதராஸ் போகும். ஆகவே ஞாயிற்றுக்கிழமைகளில் நான் எழுதிக்கொண்டிருந்தேன். ஆடியில், ஆவணியில், புரட்டாசியில்.

கணக்கு இப்படி வந்தது. நாற்பத்தேழு அங்கத்தினர்கள். ஒன்பதாவது விதிப்படி கம்பெனிப் பெண்கள் நாற்பது பேரும் போனார்கள். மாடத்தி போனாள். நான் போனேன். மிச்சம் ஐந்து: சங்கரபாண்டியன், மைத்துனர், கணக்கப்பிள்ளை, பாக்கியவதி, வாத்தியார்.

ஐந்தில் மூன்று.

நான் அந்த மூன்றில் ஒரே ஒரு ஞாயிறு போய்ச் சும்மா உட்கார்ந்திருந்தால் மிச்சம் ஆறு. ஆறு பேரில் மூன்று கை போதாது. நாலு வேண்டும். நாலாவது கை அவர்களிடம் இல்லை. அந்த மூன்றாவது ஞாயிறு நான் என்ன எழுதினேன் என்று பழைய இதழைத் தேடிப் பார்த்தேன். கதாநாயகன் ஓடுகிற ரயிலின் கூரைமேல் ஓடிக்கொண்டிருந்தான்.

7

மாடத்தி ஓடி வந்து சேர்ந்தபோது கூட்டம் நடந்துகொண்டிருந்தது. புரட்டாசிக் கூட்டம் முடிந்த பிறகு, கலைப்புக் கூட்டம் என்று முறையாக ஏழு நாள் முன்னதாகவே நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள். சங்க வாசலில்தான். சீசனில் அந்தப் பக்கம் யார் வருவார்கள்? ஒரு லாரி டிரைவர் பார்த்துவிட்டு, அன்று காலை கம்பெனியில் வந்து சொன்னான்.

நான் அங்கே இல்லை. வாத்தியார் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.

"அங்கத்தினர் அல்லாதவங்க வெளிய நிக்கணும்" என்றார் மைத்துனர்.

"யாரு அங்கத்தினர் இல்ல? கையெழுத்துப் போட்ட ஏழு பேருல நானும் ஒருத்தி."

சங்கரபாண்டியன் கோபப்படவில்லை. புத்தகத்தைக் கணக்கப்பிள்ளையிடம் நீட்டி, "ஒம்பதாவத வாசி" என்றார். வாசித்தான். "திருப்பி வாசி" என்றார். திரும்பவும் வாசித்தான்.

மாடத்திக்கு மூச்சு வாங்கியது. "மூணு கூட்டத்துக்கு வரல. வாஸ்தவம். எங்க போயிருந்தோம்னு உங்களுக்குத் தெரியாதா மொதலாளி? உங்க லோடுக்குத்தான மருந்து அடைச்சுக்கிட்டு இருந்தோம்? ஓடு மாத்துனப்ப மெம்பரு, மொழுகித் தெளிச்சப்ப மெம்பரு, இப்ப இல்லையா?"

"சட்டம்மா" என்றார். குரலில் வருத்தம்கூட இருந்ததாம். "நானா எழுதுனேன்? நீங்க அச்சடிச்ச புஸ்தகம்."

வாத்தியார் எழுந்தார். "சங்கத்தக் கலைச்சா சொத்த நீங்க எடுத்துக்கிட முடியாது. அதுவும் சட்டம். அங்கத்தினர் யாரும் பங்கு போடக் கூடாது. வேற ஒரு சங்கத்துக்குத்தான் போகணும்."

"ஆமா வாத்தியாரே, வேற சங்கத்துக்குத்தான் குடுக்கோம்." கணக்கப்பிள்ளை பையிலிருந்து இன்னொரு பதிவுப் பத்திரம் வந்தது. சங்கரபாண்டியனின் தாயார் பெயரில் ஒரு தர்ம சங்கம். நோக்கம்: ஏழைகளின் நலம். கையெழுத்து ஏழு: அவர், மனைவி, இரண்டு மைத்துனர்கள், கணக்கப்பிள்ளை, சமையல்காரர், கார் கழுவுகிற ஆள்.

மூன்று கைகள் உயர்ந்தன. பாக்கியவதி தன் கையை மடியில் வைத்து, அது தானாக எழுந்துவிடுமோ என்பதுபோல மற்றக் கையால் அழுத்திப் பிடித்திருந்தாளாம்.

8

இங்கே முடிவு வேண்டும். சில வைத்திருக்கிறேன்.

முடிவு ஒன்று: மாடத்தி பூட்டை உடைக்கிறாள், நாற்பது பெண்கள் லாரிக்கு முன்னால் படுக்கிறார்கள், சங்கரபாண்டியன்... வேண்டாம். அன்று மாலை நாற்பது பெண்களும் லோடு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். மாடத்திக்கு அரை நாள் கூலி பிடித்தம்.

முடிவு இரண்டு: கோர்ட். இது பாதி நடந்தது. விருதுநகர் வக்கீல் ஒருவர் இரண்டு சங்கங்களின் பத்திரத்தையும் அரை மணி நேரம் படித்தார். "அம்மா, இதுல ஒரு தப்புக்கூட இல்ல. இம்புட்டுச் சுத்தமா ஒரு காரியம் நான் பாத்ததே இல்ல" என்றார். கிட்டத்தட்டப் பாராட்டு.

முடிவு மூன்று: சங்கரபாண்டியன் மனம் திருந்தி (இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு யோக்கியதை இல்லை.)

நடந்தது இது. கட்டடம் பூட்டப்பட்டது. தர்ம சங்கம் அதைக் கிட்டங்கியாக வாடகைக்கு விட்டது; யாருக்கு என்று கேட்க வேண்டாம். பாக்கியவதி கொஞ்ச நாள் ஒரு தகரப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எதிரே புளியமரத்தடியில் நின்று கட்டுப் போட்டாள். தீபாவளிக்கு ஐந்து நாள் இருக்கும்போது ராக்கெட் ஷெட்டில் தீப்பிடித்தது. ராக்காயி. மரத்தடியில் வைத்து ஒன்றும் செய்ய முடியாத அளவுக்கு வெந்திருந்தாள். பண்டல் லாரியிலேயே ஏற்றி மதுரைக்கு விட்டார்கள். மாடத்தி மடியில் தலை. விருதுநகர் தாண்டும்வரை, "மதினி, என் ரேக இப்பவாவது தெரியுதான்னு பாரு" என்று பேசிக்கொண்டுதான் வந்தாளாம். திருமங்கலத்தில் ரயில்வே கேட் மூடியிருந்தது. கேட் திறந்தபோது அவசரப்பட ஒன்றும் மிச்சம் இல்லை.

அவளுடைய இடத்தில் கையெழுத்துப் போட்டவன் நான். நாளைக்கு ஒன்று என்றால் பார்த்துக்கொள்ள வேண்டியவன்.

9

மாடத்தி கேட்டது ஒரே கேள்வி. ஒன்பதாவது விதியை அவருக்கு யார் சொன்னது?

மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். கணக்கப்பிள்ளை சொன்னான் என்று ஒன்று. நம்பும்படி வந்தது. செத்தவன் மறுக்க மாட்டான். ஆனால் சாகிறவன் மாடத்திக்குச் செய்த சத்தியத்தை நான் பொய்யாக்குவதா? பெத்தணன் சொன்னான் என்று இன்னொன்று. பெத்தணன் எதையும் தலைகீழாகக் கம்போஸ் செய்கிறவன். எழுத்தைத்தான் பார்ப்பான், வாக்கியத்தைப் பார்க்க மாட்டான். மூன்றாவதாக, மதுரையிலிருந்து வந்த ஒரு கறுப்புக் கோட்டு வக்கீலை உருவாக்கினேன். கண்ணாடி, மூக்குப்பொடி எல்லாம் கொடுத்தேன். நன்றாகவே வந்தான். அப்படி ஒருவன் இல்லை.

வாசகரே, இனி மிச்சம் ஒரு பத்திதான். அதை எழுதுவது என் வேலை. இந்தப் பத்திரிகை மாடத்தி வீட்டுக்குப் போகும். பேரன் உரக்கப் படிப்பான். அவனுக்கு முன்னால் இது உங்கள் கைக்கு வந்துவிட்டால், கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுக் கொடுப்பதா, அப்படியே கொடுப்பதா என்று நீங்கள் முடிவு செய்யுங்கள். அந்த முடிவைத்தான் உங்களுக்கு விடுகிறேன். வேறு முடிவு என்னிடம் இல்லை.

1961 ஆனி, கடைசி வாரம், மத்தியானம். விருதுநகரில் பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். சங்கரபாண்டியனின் கார் வந்து நின்றது. "ஏறு தம்பி. சிவகாசிக்குத்தான? கதை எழுதுவியாமே, வழியில ஒண்ணு சொல்லு." கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். என்னிடம் ஒரு கதை இருந்தது. மார்கழியில் பென்சிலை எடுத்தேனே, அன்றிலிருந்து இருந்தது. அந்த விதியை நான் அடிக்காததற்கு மாற்ற வேண்டிய பதினைந்து எண்கள் மட்டும் காரணமில்லை. அதில் ஒரு நல்ல கதை ஒளிந்திருப்பது எனக்குத் தெரிந்துவிட்டது. கத்தி இல்லை, துப்பாக்கி இல்லை, மொதலாளி, மூன்று பேர் கையைத் தூக்கினால் ஒரு கட்டடம் போய்விடும் என்று ஆரம்பித்தேன். ஊர்ப் பெயரை மாற்றினேன், பட்டாசை நெசவாக மாற்றினேன். பாதியிலேயே காரை மெதுவாக்கிவிட்டார். "அதத் திருப்பிச் சொல்லு" என்றார். சொன்னேன். முடித்ததும் சொன்னார்: "கதையில ஒரு ஓட்டை இருக்கே தம்பி. சங்கத்தக் கலைச்சாலும் சொத்து மெம்பருக்குக் கெடைக்காதுன்னு நீயே சொல்லுத. அப்ப உன் வில்லனுக்கு என்ன லாபம்?" என் கதையில் அதுவரை யாரும் ஓட்டை கண்டுபிடித்ததில்லை, யாரும் முழுசாகக் கேட்டதும் இல்லை. ரோஷம் வந்துவிட்டது. சிவகாசிக்கு இன்னும் நாலு மைல் இருந்தது. எனக்கு ஒரு நிமிஷம்கூடத் தேவைப்படவில்லை.

"அவன் வீட்டு ஆளுகள வச்சு இன்னொரு சங்கம் பதிஞ்சுக்கிடுவான், மொதலாளி" என்றேன். "ஏழு பேரு இருந்தாப் போதும்."